மெலிவு: காத்தோங் சாலையில் கேட்ட ஓர் ஒலியின் வரலாறு

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை வேளையில் காத்தோங் வட்டாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். சிலோன் சாலையில் உள்ள செண்பக விநாயகர் ஆலயத்திலிருந்து தவில் ஓசை வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டவாறே கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தபோது, சாலையோரத்தில் நின்றிருந்த கார் ஒன்றிலிருந்து 'தும் தும்' என்று மற்றோர் ஓசை எழுந்தது. காதில் விழுவதற்கு முன்பே அது மார்பில் மோதியது. முகம் சுளித்தபடி கடந்து செல்ல முற்பட்டேன். காரின் உள்ளேயிருந்து, "ஐயா, நலமா?" என்று ஒரு குரல் கேட்டது. பல்லாண்டுகளுக்கு முன்பு என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் அவர்.

"இதுவும் ஓர் இசையா, தம்பி? வெறும் இடிமுழக்கமாக அல்லவா இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. என்னை முன்னிருக்கையில் அமரச் செய்து வேறொரு பதிவை ஒலிக்கவிட்டார். அடியில் இயந்திர முரசு சீராக விழுந்துகொண்டிருந்தது. அதன்மேல் மின்னிசைக் கருவியொன்று வழுக்கி வழுக்கிச் சுரங்களைத் தொட்டது. அரை நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அது நம் இந்தோளம்! "இது 1982இல் பதிவானது ஐயா. இந்தக் கருவிகள் நம்மூரில் வாங்கியவை" என்றார் அவர். இவ்வளவு காலம் தெரியாமலிருந்துவிட்டோமே என்னும் நாணத்தோடு வீடு திரும்பினேன். அதன்பின் தேடிப் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை.

மெலிவு என்னும் சொல்

நம் பண்டைய இசைமரபு குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தது. தாழ்ந்த ஒலி மெலிவு, இடைப்பட்டது சமன், உயர்ந்தது வலிவு. இன்றைய இளைஞர்கள் 'பேஸ்' என்று கூறுவது இந்த மெலிவைத்தான். பெயர்தான் மெலிவு, செயலோ மார்புக்கூட்டை அதிரச் செய்வது!

தாழ்ந்த ஒலியை உண்டாக்கும் கலையில் நம் முன்னோர் தேர்ந்தவர்கள். சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் எனத் தோற்கருவிகளின் நீண்டதொரு பட்டியலைத் தருகிறார். மிருதங்கக் கலைஞர் கச்சேரி தொடங்குமுன் இடந்தலையில் ரவைப் பசையை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலின் எடை கூடினால் அது மெதுவாக அதிரும், ஒலி தாழும். இன்றைய காரில் பொருத்தும் சப்வூஃபரின் கூம்பும் இதே காரணத்தால்தான் மற்ற ஒலிபெருக்கிகளின் கூம்பைவிடக் கனமாக இருக்கிறது. உறுமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது ஒலி ஓரிடத்தில் நில்லாமல் வழுக்கிச் செல்லும். இதை நினைவில் வையுங்கள். பின்னர் மீண்டும் வருவோம்.

இடையில் தொலைந்தது

ஆலயத் திருவிழாவில் முழுமையாகக் கேட்ட இந்த மெலிவு, இருபதாம் நூற்றாண்டின் கருவிகளுக்குள் நுழைந்தபோது தொலைந்துபோனது. 1925ஆம் ஆண்டு வரை இசைத்தட்டுகளில் மின்சார ஒலிப்பதிவு கிடையாது. பாடுவோரும் வாசிப்போரும் ஒரு பெரிய புனலின் முன் நெருங்கி நின்றனர். அந்தப் புனலால் தாழ்ந்த அதிர்வெண்களைப் பிடிக்க இயலவில்லை. அக்காலத் தட்டுகளில் மிருதங்கத்தின் வலந்தலை ஓரளவு கேட்கும். இடந்தலை பெரும்பாலும் காதில் விழாது.

மின்சார ஒலிப்பதிவு வந்த பின்பும் குறை முற்றிலும் தீரவில்லை. தட்டில் மெலிவைச் செதுக்க அகலமான தடம் வேண்டும். தடம் அகன்றால் பாடலின் நீளம் குறையும். ஆகவே பதிவாளர்கள் மெலிவை அடக்கியே வைத்தனர். பின்னர் வந்த டிரான்சிஸ்டர் வானொலியின் ஒலிபெருக்கியோ உள்ளங்கை அளவுதான். கிடைக்காத அடியொலியை மேலொலிகளைக் கொண்டு நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளும் என்பது ஒலியியல் கூறும் வியப்பு. நம் பெற்றோர் இரண்டு தலைமுறைகளாகத் திரைப்பாடலின் அடித்தளத்தைக் கேட்டார்கள் என்பதைவிட, ஊகித்தார்கள் என்பதே பொருந்தும்.

சிங்கப்பூர் வழியாக

1819ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர் தீர்வையில்லாத் துறைமுகம். இந்தியாவிலோ 1991இன் பொருளாதார மாற்றங்களுக்கு முன்பு வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்குக் கடுமையான வரி இருந்தது. எனவே ஜப்பானியக் கருவிகளைத் தேடுவோர் சிங்கப்பூருக்கு வந்தனர். ஊருக்குத் திரும்பும் உறவினர் கையில் வானொலியும் ஒலிநாடாவும் சேர்ந்த 'டூ-இன்-ஒன்' பெட்டி இருந்த காலத்தைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள்.

1978இல் வெளிவந்த 'ப்ரியா' திரைப்படத்தின் பெரும்பகுதி சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது. இளையராஜா இசையமைத்த அதன் பாடல்கள், தமிழில் முதன்முதலாக ஸ்டீரியோ முறையில் பதிவானவை என்று பெயர் பெற்றன. இடமும் வலமும் பிரிந்து ஒலித்த அப்பாடல்களை நல்ல கருவியில் கேட்டவர்களுக்கு, பாடலுக்கு அகலம் உண்டு என்பது தெரிந்தது. ஆழமும் உண்டு என்பது தெரியச் சற்றுக் காலமாயிற்று.

அதே காலகட்டத்தில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் இரண்டு சிறு பெட்டிகளை வெளியிட்டது. 1980இல் வந்த டிஆர்-808 ஓர் இயந்திர முரசு. அடுத்து வந்த டிபி-303, தனியாகப் பயிலும் கித்தார் கலைஞருக்குத் துணையாக பேஸ் வாசிப்பதற்கென்று செய்யப்பட்டது. உண்மையான முரசைப் போலவோ கித்தாரைப் போலவோ இவை ஒலிக்கவில்லை என்று அக்காலத்தார் குறை கூறினர். சில ஆண்டுகளிலேயே இரண்டின் உற்பத்தியும் நின்றுபோனது.

பம்பாய்த் திரையிசையில் கித்தாரும் மின்னிசைக் கருவிகளும் வாசித்துவந்த சரண்ஜித் சிங் என்னும் கலைஞர் இத்தகைய புதிய ரோலண்ட் கருவிகளைச் சிங்கப்பூரில் வாங்கினார். 1982இல் அவற்றைக் கொண்டு, பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டாகப் பதிவு செய்தார். அந்தப் பத்தில் பூபாளி நமக்கு மோகனம்; மால்கௌன்ஸ் நமக்கு இந்தோளம். டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. நம் உறுமி செய்வதும் அதுவே அல்லவா! அந்த வசதி அவர் விரும்பிய இராக நடைக்கு இசைந்து வந்தது.

அன்று அத்தட்டை வாங்குவார் இல்லை. 1987இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபியூச்சர் என்னும் குழு அதே டிபி-303ஐக் கொண்டு 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பதிவை வெளியிட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்னும் இசைவகை அதிலிருந்து தோன்றியதாக வரலாறு எழுதப்பட்டது. 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு நெதர்லாந்து நாட்டவர் ஒருவரால் மீண்டும் வெளியிடப்பட்டபோது உலகம் திகைத்தது. இதே ஒலி ஐந்தாண்டுகள் முன்பே இராக வடிவில் இருந்திருக்கிறதே! முதிய வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார், 2015இல் மறைந்தார். சிகாகோ இளைஞர்கள் அவரது தட்டைக் கேட்டிருந்ததற்குச் சான்றில்லை. ஒரே கருவி இருவேறு இடங்களில் ஒரே கதவைத் திறந்திருக்கிறது, அவ்வளவே.

டிஆர்-808இன் முரசொலியை அமெரிக்காவின் மயாமி இளைஞர்கள் நீட்டி, தாழ்த்தி, தங்கள் கார்களில் அதிரவிட்டனர். தமிழில் 1986இல் 'புன்னகை மன்னன்' படத்திற்கு இளையராஜா கணினியைத் துணைக்கொண்டார். 1992இல் 'ரோஜா' வந்தது. 1994இல் 'காதலன்' வந்தபோது ஏ.ஆர். ரகுமானின் மெலிவு, வீட்டிலிருந்த சிறிய பெட்டிகளுக்குள் அடங்கவில்லை. தடத்தின் அகலம் பற்றிய கவலை 1982இல் அறிமுகமான குறுந்தட்டுக்கு இல்லை. மெலிவு பதிவிலேயே வந்துவிட்டது. அதை வெளிப்படுத்த ஓர் அறைதான் வேண்டியிருந்தது.

கார் என்னும் அறை

காரில் வானொலி 1930இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்களால் 'மோட்டோரோலா' என்ற பெயரில் பரவலாயிற்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. சில ஆண்டுகளில் அதுவும் காருக்குள் ஏறியது. ஆனால் மெலிவுக்குக் கார் ஏன் இவ்வளவு ஏற்ற இடம் என்பதை என் மாணவர் விளக்கியபோதுதான் அறிந்தேன்.

40 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியலையின் நீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். காரின் உட்பகுதியோ மூன்று மீட்டருக்கும் குறைவு. அலை முழுமையாக விரிய இடமில்லை. ஆகவே ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிபெருக்கி காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் ஒருசேர அழுத்தித் தளர்த்துகிறது. பெரிய கூடத்தில் ஆயிரம் வாட் செய்வதைக் காரில் சிறு பெட்டி செய்துவிடுவது இதனால்தான்.

பெட்டியின் அளவும் குத்துமதிப்பானது அன்று. ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வகுத்த கணக்குகள் இன்றும் பின்பற்றப்படுகின்றன. மூடிய பெட்டி அளவான, தெளிவான ஒலியைத் தரும். துளையுள்ள பெட்டி முழக்கம் மிகுந்தது. இடமும் அதிகம் கேட்கும். காரின் மின்சாரம் 12 வோல்ட் மட்டுமே என்பதால், முகப்பில் உள்ள கருவி தொடர்ந்து தரக்கூடியது ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் ஏறத்தாழ 20 வாட்தான். உறையில் 50 வாட் என்று அச்சிட்டிருப்பது ஒரு கணத்து உச்சம். அதற்கு மேல் வேண்டுமெனில் மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிப் பெருக்கி தேவை. அதற்குச் செல்லும் கம்பியில் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும். "மெலிவுக்குச் செலவழிப்பதற்கு முன் இந்த ஃபியூஸுக்குச் செலவழிக்க வேண்டும் ஐயா, இல்லையேல் கார் எரிந்துவிடும்" என்றார் அவர்.

சிங்கப்பூருக்கே உரிய மற்றொரு கணக்கும் உண்டு. 1990ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்கே செல்லும். ஆதலால் அவர் தம் கருவிகளைக் காரை வெட்டாமல், கழற்றி அடுத்த காருக்கு எடுத்துச் செல்லும் வகையில் பொருத்தியிருந்தார்.

என் பிழையும் அவர் கடமையும்

அவரது இசையை இடிமுழக்கம் என்றது என் பிழை. புதிதாக ஓர் இரைச்சலை இளைஞர்கள் கண்டுபிடிக்கவில்லை. புனலும் தட்டும் சிறு வானொலியும் நம்மிடமிருந்து பறித்ததையே அவர்கள் மீட்டிருக்கிறார்கள். ஆலயத்துத் தவிலுக்கும் அந்தக் காருக்கும் இடைப்பட்ட தொலைவு நான் எண்ணியதைவிடச் சிறியது.

எனினும் ஆசிரியரல்லவா, அவருக்கும் ஒன்று கூறினேன். உயர்ந்த ஒலியைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த ஒலி காங்கிரீட்டையும் கடக்கும். அடுக்குமாடியின் கீழே காரை நிறுத்திக் கேட்பவருக்கு அது பாடல். மேலே உறங்க முயலும் முதியவருக்குப் பாடலில்லாத வெறும் அதிர்வு. நாம் தவறாகக் கருதுவதற்கும் இதுவே காரணம்: அவர்களது இசையின் பாதியை மட்டுமே நாம் கேட்கிறோம். காதுக்கும் வரம்புண்டு. 80 டெசிபலில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபலில் நான்கு மணி நேரம் மட்டுமே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

அவர் சிரித்தார். "வாருங்கள் ஐயா, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை போய்வருவோம்" என்றார். காத்தோங்கின் பழைய கடற்கரை 1966இல் தொடங்கிய நிலமீட்பில் மறைந்துவிட்டது. ஒரு காலத்தில் இங்குள்ள வீடுகளின் வாசல்வரை கேட்ட அலையோசை இன்று நெடுஞ்சாலைக்கு அப்பால் போய்விட்டது. பூங்காவில் காரை நிறுத்தியதும் அவர் இசையை அணைத்தார். இருளில் அலை கரையில் விழுந்தது. அதுவும் மெலிவுதான். இருவரும் சிறிது நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.