மரப்பெட்டியும் சிவப்புச் செள்ளும்: ஒரு பழைய கணக்கு

போன மாதம் சேலத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பதி மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தார்கள். ஆறு கோழி, ஒரு சேவல். கோழிகளுக்கென்று தச்சரை வைத்து அழகான மரக்கூடு செய்திருந்தார்கள். ஓடு வேய்ந்த வீடு மாதிரி கூரை, கதவுக்குப் பித்தளைத் தாழ். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுப் பையன் ஓடி வந்தான். "தாத்தா, கூட்டைத் தொட்டா கையெல்லாம் அரிக்குது, அம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

நான் பகலில் போய்ப் பார்க்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு போனேன். கோழி உட்காரும் கழியைத் தூக்கி, அது சட்டத்தில் பொருந்தும் முனையைப் பார்த்தேன். மிளகாய்த்தூளைச் சிந்தியது போல ஒரு கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து அதைப் பார்க்கிறேன். பார்த்ததும் எங்கள் மாமாவும், அவர் பண்ணையில் முட்டை பொறுக்கிய ஓர் அண்ணனும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பண்ணைகள் வருவதற்கு முந்தைய காலத்தை முதலில் சொல்கிறேன். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கள் அம்மாயி ஊர். அந்தக் காலத்தில் கோழிக்கென்று யாரும் மரக்கூடு செய்ததில்லை. பகலில் காட்டில் மேயும், ராத்திரி கொடாப்புக்குள் அடையும். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். அடை வைக்கும்போது கூடையில் மணலைப் பரப்பி, முட்டையோடு ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைப்பார் அம்மாயி. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடக் கூடாது என்பதற்காக. இருபத்தோராம் நாள் குஞ்சு பொரித்ததும் அவர் செய்யும் முதல் வேலை, அந்தக் கூடையை மணலோடு தூக்கிப் போய்க் குப்பைமேட்டில் கொட்டித் தீ வைப்பதுதான். "செள்ளு புடிச்ச கூடை, ஊட்டுக்குள்ள இருக்கக் கூடாது கண்ணு" என்பார். அடுப்புச் சாம்பலை வேலியோரம் கொட்டி வைப்பார். கோழிகள் அதில் படுத்துப் புரண்டு இறகை உதறிக்கொள்ளும்.

அந்தப் பழக்கங்களுக்குப் பின்னால் எத்தனை காரணம் இருந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கோழியைப் பிடிக்கும் பூச்சிகளில் பல வகை உண்டு. பேன் கோழியின் உடம்பிலேயே வாழும். உண்ணியும் சிவப்புச் செள்ளும் அப்படியில்லை. பகலில் கோழியின் மேல் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. மரத்தின் வெடிப்பிலும், பலகை சேரும் மூட்டிலும், காய்ந்த எச்சத்துக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் வெளியே வந்து, தூங்கும் கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். சிவப்புச் செள்ளின் அளவு ஒரு மில்லிமீட்டருக்குள்தான். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகுதான் சிவப்பு. ஸ்வீடனைச் சேர்ந்த டி ஜீர் என்ற அறிஞர் 1778-இலேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். நம் ஊர் வெயிலில் ஒரு முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த முட்டை வைப்பதற்கு ஏழெட்டு நாள் போதும். குளிர்ந்த நாடுகளில் கோழியே இல்லாத காலிக் கூட்டில் எட்டு மாதம் வரைகூடப் பட்டினி கிடந்து பிழைத்திருக்கும்.

ஆக, நோய் பிடிப்பது கோழியை என்றாலும் அது குடியிருப்பது வீட்டில். அம்மாயி வீட்டையே எரித்தார். அதுதான் சரியான வைத்தியம்.

1970-களில் எங்கள் பக்கம் காற்று மாறியது. மானாவாரி வெள்ளாமை கைகொடுக்காமல் போன வருஷங்கள் அவை. சிலர் லாரி வாங்கினார்கள், சிலர் கோழிப் பண்ணை போட்டார்கள், சிலர் இரண்டையும் செய்தார்கள். வெள்ளை லெகார்ன் கோழிகள் வந்தன. இன்று பார்க்கிற கம்பிக் கூண்டு அப்போது கிடையாது. தரையில் கடலைத்தோலோ உமியோ கனமாகப் பரப்பி, அதன்மேல் கோழிகளை விடுவார்கள். ஆழ்கூளம் என்று பெயர். சுவரோரமாக முட்டையிட மரப்பெட்டிகளை அடுக்குவார்கள்.

எங்கள் மாமா 1977-இல் ஐந்நூறு கோழியோடு தொடங்கினார். அத்தையின் நகையும் கடனும்தான் முதலீடு. முட்டைப்பெட்டிக்குப் புதுப்பலகை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கழித்துப் போட்ட பழைய பலகைகளை எடைக்கு வாங்கி வந்து, அவரே ஆணி அடித்துச் செய்தார். வெயிலில் வெடித்த பலகைகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு ஆணி ஓட்டை. மாமாவுக்கு அந்தப் பெட்டிகளில் பெருமை. "நாப்பது ரூபாயில முடிச்சுட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

முதல் ஆறு மாதம் நன்றாகப் போனது. நாளுக்கு முந்நூற்று எண்பது முட்டை வரை வந்தது. அடுத்த வருஷம் மாசி மாதம் கணக்கு இறங்க ஆரம்பித்தது. முந்நூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து, அப்புறம் இருநூற்று எழுபது. தீவனச் செலவு மட்டும் குறையவில்லை. வெள்ளைக்கழிச்சலோ என்று மாமா பயந்தார். அந்த நோய் வந்திருந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகியிருக்கும். கோழிகள் சாகவில்லை, முட்டைதான் காணவில்லை. அதனால் அவருடைய சந்தேகம் முட்டை பொறுக்கும் அண்ணன் மேல் விழுந்தது.

பக்கத்து ஊர்க்காரர் அவர். என்னைவிட இரண்டு வயசு மூத்தவர், இருபத்து மூன்று இருக்கும். அவர் மாமாவிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். "ஏனுங்ணா, முட்டை ஓட்டுல துளித்துளியா ரத்தப் புள்ளி இருக்குதுங்க. கோழியும் பொட்டிக்குள்ள போகமாட்டேங்குது, மூலைல போய் இடுது." மாமா காதில் வாங்கவில்லை. சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தார். ஒரு நாள் ஆட்கள் நாலு பேர் முன்னால், "நாளையிலிருந்து வரவேண்டாம்பா. மீதியைக் கணக்குப் பார்த்துச் சொல்லி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். லீவில் வந்திருந்த நானும் அங்கேதான் நின்றேன். கல்லூரியில் படிக்கிற பையன், மாமா சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் போன பிறகும் முட்டை ஏறவில்லை. ராத்திரியில் யாரோ வருகிறார்கள் என்று மாமா என்னைக் கொட்டகையில் காவலுக்குப் படுக்கச் சொன்னார். முட்டைப்பெட்டி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குமேல் கழுத்தில் ஊறியது, அப்புறம் முதுகு, இடுப்பு. சட்டையைக் கழற்றி டார்ச் அடித்தேன். சட்டை முழுக்கச் சிவப்புப் பொடி. திரும்பிப் பெட்டியைப் பார்த்தால் ஆணி ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் எறும்புச் சாரை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. திருடனைப் பிடிக்க உட்கார்ந்தவன் பிடித்த திருடன் அதுதான்.

மறுநாள் கோழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் வெளுத்துப் போயிருந்த கொண்டையைப் பார்த்தார், மரப்பெட்டியா என்று கேட்டார். கோழிக்கு மருந்து தேவையில்லை, மரத்துக்குத்தான் தேவை என்றார். ரத்தம் குறைந்தால் முட்டை குறையும். பெட்டிக்குள் கடி தாங்காத கோழி கூளத்தின் மூலையில் முட்டையிடும். மிதிபட்டு உடைந்த முட்டையை மற்ற கோழிகள் தின்றுவிடும். முட்டை ஓட்டில் தெரிந்த புள்ளி, முட்டையின் அடியில் நசுங்கிய செள்ளின் ரத்தம். அந்த அண்ணன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

அன்றைக்கே பெட்டிகளையெல்லாம் வெளியே போட்டு எரித்தோம். கூளத்தை வாரி வெளியேற்றினோம். சுவர் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பில் மண்ணெண்ணெய் கலந்து அடித்தோம். கழிகளின் முனையை ஊதுவிளக்கால் வாட்டினோம். ஏழாம் நாள் ஒரு முறை, பதினாலாம் நாள் ஒரு முறை அதையே திரும்பச் செய்தோம். முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும் அல்லவா? பெட்டிக்குப் பதிலாக வாய் உடைந்த மண்பானைகளைப் படுக்கவைத்து மணல் போட்டோம். பானையில் ஒளிய வெடிப்பு இல்லை. ஒன்றரை மாதத்தில் முட்டைக் கணக்கு பழைய நிலைக்கு வந்தது.

மாமா முதலில் பி.எச்.சி. தூளை மூட்டையாக வாங்கிக் கொட்டத்தான் கிளம்பினார். அந்தக் காலத்தில் நெல்லுக்கும் அதுதான், எறும்புக்கும் அதுதான். கோழி தின்கிற இடத்தில் கொட்டினால் முட்டையிலும் வரும் என்று மருத்துவர் தடுத்தார். நம் நாட்டில் வேளாண்மையில் டி.டி.டி.க்கு 1989-இல் தடை வந்தது, பி.எச்.சி.க்கு 1997-இல். அந்த மருத்துவர் எவ்வளவு முன்னால் யோசித்திருக்கிறார் என்று 2017-இல் பேப்பர் படித்தபோது எனக்கு விளங்கியது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே சிவப்புச் செள்ளை ஒழிக்கப் பண்ணைகளில் அடித்த மருந்தில், உணவுக்கான பிராணிகளிடம் பயன்படுத்தக் கூடாத ஃபிப்ரோனில் கலந்திருந்தது. அது முட்டைக்குள் போய், லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்து அழித்தார்கள். அந்த முட்டைகள் ஹாங்காங் வரை போயிருந்தன.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதையைப் பெருமளவு முடித்து வைத்தது கம்பிக் கூண்டுதான். 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது, 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது, 1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. ஐந்நூறு கோழி ஐயாயிரம் ஆனது, ஐம்பதாயிரம் ஆனது. ஆழ்கூளம் போய், உயரமான மேடையில் கம்பிக் கூண்டு வந்தது. மரம் போனதோடு செள்ளின் வீடும் பெரும்பாலும் போனது. முழுதாக ஒழிந்தது என்று சொல்ல முடியாது. தீவனத் தொட்டியின் இடுக்கிலும் கம்பி சேரும் கொக்கியிலும் இன்றும் தங்கும்.

கூண்டால் கோழிக்கு ஒரு நஷ்டமும் உண்டு. சாம்பலில் புரளும் சுகம் அதற்குப் போய்விட்டது. அதை யோசித்துத்தான் ஐரோப்பாவில் 2012 முதல் பழைய மாதிரிக் கூண்டுக்குத் தடை போட்டார்கள். கழியும் முட்டைப்பெட்டியும் உள்ள கொட்டகைகள் திரும்ப வந்தன. இடுக்குகள் கூடியதால் செள்ளின் தொல்லையும் கூடியது. எந்த வசதிக்கும் கூடவே ஒரு வேலை உண்டு. அம்மாயிக்கு அந்த வேலை கூடையை எரிப்பது.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டிகளை எரித்த மறுநாள் மாமா அவர் வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். அவர் அதற்குள் ஒரு லாரியில் கிளீனராக வடக்கே போய்விட்டார். அவருடைய அம்மாவிடம் மீதிச் சம்பளத்தைக் கொடுத்து, "என் மேலதான் தப்புங்க" என்று மாமா சொன்னார். அந்த அம்மா காசை வாங்கிக்கொண்டு, "நாலு பேரு முன்னால சொன்னதை, நாலு பேரு முன்னாலதானுங்க எடுக்கணும்" என்றார். மாமா அந்த வாரமே ஊர்ச் சாவடியில் அப்படியே செய்தார். ஆனாலும் அவர் பண்ணைக்குத் திரும்பவில்லை. டிரைவராகி, பின்னால் சொந்த லாரி வாங்கினார்.

மாமா இறந்த அன்று அவர் வந்திருந்தார். மாலை போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொட்டியெல்லாம் எரிச்சுப் போட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. நல்ல காரியம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மொட்டை மாடிக் கூட்டை எரிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புதுக் கூடு, செள்ளும் கழி முனைகளில்தான் இருந்தது. கோழிகளை வேறிடத்துக்கு மாற்றி, மூட்டுகளைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். காய்ந்ததும் இடுக்குகளை அடைத்துச் சுண்ணாம்பு அடித்து, வாரம் ஒரு முறை என மூன்று வாரம் இதையே செய்யச் சொன்னேன். மூலையில் ஒரு பழைய தொட்டியில் சாம்பல் கொட்டி வைத்தோம். பையன் மட்டும் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறான்.