கள்ளிக்கொம்புக் குழந்தை

மணவூரில் அரக்கோணம் வண்டி ஏறினால் அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. அதை ஒட்டியது பழையனூர். நீலி கதை நடந்த ஊர். இந்தக் கட்டுரை கார் ஸ்டியரிங் பற்றியதுதான். ஆனால் நீலியை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை.

என் சித்தப்பா மகன் போன வருடம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினான். திருத்தணி மலைக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்துக்கொண்டு வந்தான். அடுத்த வாரமே ஹைவேயில் ஒரு கடையில் கம்பெனி ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு, சின்னதாக, சிவப்புத் தையல் போட்ட ஸ்போர்ட்ஸ் ஸ்டியரிங் மாட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன், அவன் மார்புக்கு முன்னால் ஒரு பெரிய பந்து.

"இன்னாடா இது?"

"ஒண்ணுமில்லண்ணா, ஏர்பேக் லைட்டு. ஒரு ரெசிஸ்டர் போட்டா அணைஞ்சிடும்னு கடைக்காரர் சொல்லிக்கினு இருந்தாரு. சின்ன வேலைதான்."

அந்தச் சின்ன வேலை எதை அணைக்கிறது என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

காரில் ஓட்டுநரைக் கொன்ற பொருட்களில் முக்கியமானது ஸ்டியரிங். 1960கள் வரை பெரும்பாலான கார்களில் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது வளையாத ஒரு இரும்புத் தண்டு. நேருக்கு நேர் மோதினால் முன்பக்கம் நசுங்கி, தண்டு ஈட்டி மாதிரி பின்னால் வந்து ஓட்டுநரின் நெஞ்சில் இறங்கும். மோதும்போது தானே மடங்கிக்கொள்ளும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 மாடல் கார்களில் கொண்டுவந்தது. 1968இல் அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது. ஈட்டி மழுங்கியது. கேடயம் இன்னும் வரவில்லை.

கேடயத்தின் கதை ஒரு தகப்பனிடம் தொடங்குகிறது. 1952 வசந்தகாலத்தில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் ஹெட்ரிக் என்ற பொறியாளர் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் காரில் போய்க்கொண்டிருந்தார். மேடு ஏறி இறங்கும் இடத்தில் சாலை நடுவே ஒரு பாறை. வண்டியை ஒடித்து ஓரப் பள்ளத்தில் இறக்கினார். அந்த நொடியில் கணவனும் மனைவியும் யோசிக்காமல் செய்தது ஒன்றுதான்: மகளின் முகம் டாஷ்போர்டில் இடித்துவிடாமல் இருவரும் குறுக்கே கையை நீட்டினார்கள். நம் ஊர் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் பக்கத்துச் சீட்டுக் குழந்தைக்கு முன்னால் நம் கை தானாக நீளுமே, அதேதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவருக்கு அந்தக் கை ஞாபகம். கையைவிட வேகமாக ஏதாவது குறுக்கே வரமுடியாதா? கடற்படையில் இருந்தபோது டார்ப்பிடோ ஒன்றைப் பழுதுபார்க்கையில் அழுத்தக் காற்று திடீரென வெளியேறி, மூடியிருந்த கேன்வாஸ் துணி ஊதிக்கொண்டு கூரைக்குப் பறந்ததைப் பார்த்திருந்தார். இரண்டும் மனதில் ஒன்றாகச் சேர்ந்தன. 1953 ஆகஸ்ட் 18 அன்று காப்புரிமை கிடைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். கார் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. பையை ஊதுவது எப்போது என்று கணநேரத்தில் முடிவெடுக்கும் உணர்கருவி அன்றைக்கு இல்லை. ஹெட்ரிக்குக்கு அதில் பணம் எதுவும் வரவில்லை.

1970களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 10,000 ஏர்பேக் கார்களை விற்றுப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. 1980களின் தொடக்கத்தில் மெர்சிடஸ் மறுபடி கொண்டுவந்தது. அமெரிக்காவில் முன்சீட்டு இருவருக்கும் ஏர்பேக் கட்டாயம் ஆனபோது 1998 மாடல் வந்துவிட்டது. இந்தியாவில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலை 1. ஒரு தகப்பனின் கை மணவூர்த் தெருவுக்கு வந்துசேர அறுபத்தேழு வருடங்கள் ஆகியிருக்கின்றன.

ஸ்டியரிங் மாற்றுவது புதுப்பழக்கம் இல்லை. இத்தாலியின் மோமோ கம்பெனி 1964 முதல் அதைத் தொழிலாகவே செய்கிறது. அம்பாசடர் காலத்தில் ஸ்டியரிங்கை மாற்றினால் பிடுங்கி மாட்டவேண்டியது ஹார்ன் ஒயர் ஒன்றுதான். இப்போது அதே இடத்தில் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் அறுந்துபோகாமலிருக்க, கடிகாரச் சுருள் மாதிரி சுற்றிய நாடாக் கேபிள் வழியாக அதற்கு மின்சாரம் போகிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். மோதியதும் ஒரு சின்ன வெடிமருந்துத் திரி பற்றி, 30 மில்லிசெகண்ட் அளவில் பை விரிந்துவிடும். ஒருமுறை கண்ணை இமைக்க அதைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு நேரம் வேண்டும்.

சாவியைத் திருப்பியதும் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தத் திரியிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கிறது. மிகச் சன்னமான மின்சாரத்தை அனுப்பி மின்தடையை அளக்கிறது. சுமார் 2 ஓம் என்று பதில் வந்தால் விளக்குச் சில வினாடி எரிந்து அணைந்துவிடும். பதில் வராவிட்டால் எரிந்துகொண்டே இருக்கும். பல கார்களில் விளக்கு எரியும்வரை மற்ற ஏர்பேக்குகளும் வேலை செய்யாது.

ரெசிஸ்டர் செய்வது, அந்தக் கேள்விக்கு ஏர்பேக்கின் குரலில் பதில் சொல்வது.

இங்கேதான் நீலி வருகிறாள். கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எங்கள் பாட்டி சொன்னது இது. பழிவாங்க வந்த பேய் நீலி, வணிகனின் மனைவி வேடத்தில் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர்ச் சபைக்கு வந்தாள். "இவள் என் மனைவி இல்லை, பேய்" என்று கதறினான் வணிகன். சபை சோதித்தது. குழந்தையை இறக்கிவிட்டார்கள், அது அவனிடம் ஓடி "அப்பா" என்றது. சாட்சி போதும் என்றார்கள். அவன் உயிரைக் காத்துவந்த மந்திரக் கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் தீயில் இறங்குகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தபோது அவன் செத்துக் கிடந்தான். எழுபது வேளாளரும் சொன்ன சொல்படி தீயில் இறங்கினார்கள்.

சபை சோதிக்காமல் விடவில்லை. சோதனைக்கு ஏற்றபடி பொய் செய்யப்பட்டிருந்தது. 2 ஓம் ரெசிஸ்டரும் அப்படித்தான். கேட்டதும் 'அப்பா' என்கிறது. பெட்டி நம்பி விளக்கை அணைக்கிறது. மோதும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் முன்னால் பை விரியும். ஓட்டுகிறவன் முன்னால் கத்தியும் இல்லை, கையும் இல்லை. சிவப்புத் தையல் போட்ட சக்கரம் மட்டும்.

இந்தப் பொய் நம் ஊர் மெக்கானிக் ஷெட்டோடு முடிவதில்லை. சீட் பெல்ட் போடாமலேயே அலாரத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்றார்களே, 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தபோது ஐந்து இணைய வணிகத் தளங்களிலிருந்து நீக்கப்பட்ட கிளிப் பதிவுகள் 13,118. வாங்க ஆள் இல்லாமலா அத்தனை? சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது.

தம்பியிடம் நான் சட்டம் பேசவில்லை. "இந்த வண்டிய எப்போ விப்பே?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சி."

"வாங்கறவன் சாவியத் திருப்புவான். லைட்டு எரிஞ்சி அணையும். சரியா இருக்குதுன்னு நம்பி, பொண்டாட்டி புள்ளயோட ஏறுவான். அவன்கிட்ட சொல்லுவியா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பழைய ஸ்டியரிங் பரண்மேலதாண்ணா கீது" என்றான்.

கோணியில் சுற்றிக் கவிழ்த்து வைத்திருந்தான். உள்ளே வெடிமருந்து இருக்கும் பொருள், மூடி மேலே பார்க்க வைக்கவேண்டும். இல்லாவிட்டால் தவறி வெடித்தால் முழுப் பாகமும் எகிறிப் பறக்கும். அதைச் சாதாரண மல்டிமீட்டரால் தொட்டுப் பார்ப்பதும் ஆபத்து, மீட்டரின் மின்சாரமே திரியைப் பற்றவைத்துவிடலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றினார். உடனே கைவைக்கவில்லை. "உள்ள கரண்டு தங்கி இருக்கும்ப்பா, இறங்கட்டும்" என்று டீ சொன்னார். டீ குடித்து முடித்தபிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட்டார். கிளாக் ஸ்பிரிங்கை நடுவில் நிறுத்தி, பழையதை மாட்டி, ஸ்கேனரில் பழைய பிழைக்குறியை அழித்தார்.

தம்பி சாவியைத் திருப்பினான். விளக்கு எரிந்தது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு வினாடி இருக்கும். அணைந்தது.

"இப்ப நெஜமாவே அணைஞ்சிச்சாண்ணா?" என்றான்.

"நெஜமாவேதான்."