அம்மாவின் சுங்குடியும் வங்காளத்துக் காந்தாவும்

போன மாதம் நியூஜெர்சியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். அம்மாவின் புடவைகள் விஷயம். அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. மதுரை வீட்டுப் பெட்டியில் இருந்த பருத்திப் புடவைகளெல்லாம் இப்போது கொல்கத்தாவில், என் பீரோவில்.

"எல்லாத்தையும் அஞ்சுக்கு அஞ்சு இஞ்ச் சதுரமா வெட்டி அனுப்புடி. க்வில்ட் தச்சு ஆளுக்கு ஒண்ணு தரேன்" என்றாள்.

அங்கே துணியை வெட்டியே விற்கிறார்களாம். ஐந்து அங்குலச் சதுரம், பத்து அங்குலச் சதுரம், இரண்டரை அங்குல அகலத்தில் நீளப் பட்டைகளைச் சுருட்டி வைத்தது என்று பல தினுசு. ஓரம் பிரியாமல் இருக்கப் பல்பல்லாக வெட்டியிருக்குமாம். "அதையெல்லாம் துவைக்கவே கூடாது. நூல் பிரிஞ்சு, சுருங்கி, அளவே போயிரும். நீ முழுப் புடவையாத் துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணிட்டு அப்புறம் வெட்டு" என்று பாடம் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்தபோது பக்கத்து ஃபிளாட் மாஷிமா வந்தார். எழுபத்தைந்து வயது. புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் உன் அம்மா துவைத்துத் துவைத்துத் தயார் செய்து வைத்த துணி இது. இதை ஏன் துண்டு போடுகிறாய்?" என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அன்று தொடங்கியதுதான் இந்தப் பதிவு.

வங்காளத்துக் காந்தா என்றால் இப்போது நம் மனதில் வருவது கண்காட்சியில் விற்கும் டஸ்ஸர் பட்டுப் புடவை. ஆனால் சமஸ்கிருதத்தில் கந்தா என்றால் கிழிந்த துணி, ஒட்டுப்போட்ட துணி. நம்மூர்க் கந்தையும் அதே சொல்தான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்கிறோமே, அந்தக் கசக்குவதில்தான் காந்தாவின் பாதி ரகசியம் இருக்கிறது.

புதுத்துணியை நாலைந்து மடிப்பாக அடுக்கினால் ஊசி லேசில் இறங்காது. பல வருஷம் கட்டித் துவைத்த புடவையில் கஞ்சியும் முறுக்கும் போய், மூன்று அடுக்கானாலும் ஐந்து அடுக்கானாலும் வெண்ணெயில் போவதுபோல் போகும். முதலில் கரையைத் தனியே எடுத்துவிடுவார்கள். அதைக் கைநீளத்துக்குத் துண்டாக்கி, நீளவாக்கு நூலை ஒவ்வொன்றாக உருவினால் சிவப்பு, நீலம், கறுப்பு என்று சாயம் போகாத தையல் நூல் தயார். காசு கொடுத்து வாங்கியது ஊசி மட்டும்!

பிறகு தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீவி, ஓரங்களில் பாரம் வைப்பார்கள். நாலு விளிம்பையும் மடித்துத் தைத்து, நீளவாக்கில் இரண்டு மூன்று வரிசை பெரிய தையல் போட்டுவிட்டால் அடுக்கு நகராது. அதற்குப் பிறகு சுருட்டி வைத்துக்கொண்டு, வேலை முடிந்த மத்தியானங்களில் மாதக்கணக்காகத் தைக்கலாம். ஊசி மேலும் கீழுமாக ஓடும் சாதாரண ஓட்டுத் தையல்தான். அந்த இழுப்பில்தான் துணியில் அலை அலையான சுருக்கம் விழுகிறது.

இது ஏழையின் போர்வையாகவும் துறவியின் போர்வையாகவும் இருந்திருக்கிறது. சைதன்ய சரிதாம்ருதத்தில் ஒரு காட்சி. வங்காள சுல்தான் ஹுசைன் ஷாவிடம் மந்திரியாக இருந்த சனாதனர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காசிக்கு வருகிறார். தோளில் மட்டும் விலையுயர்ந்த கம்பளி. சைதன்யரின் பார்வை திரும்பத் திரும்ப அதன்மேல் விழுகிறது. புரிந்துகொண்ட சனாதனர் கங்கைக் கரைக்குப் போனால், அங்கே வங்காளத்துப் பிச்சைக்காரர் ஒருவர் காந்தாவைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். கம்பளியைக் கொடுத்து அந்தக் கந்தையை வாங்கிக்கொள்கிறார். (அந்தப் பிச்சைக்காரர் முதலில் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தாராம்!)

கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில் குருசதய் மியூசியம் இருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882-1941) கிராமம் கிராமமாகச் சேர்த்த கைவினைப் பொருட்களுக்காக 1963ல் திறந்தது. பல வருஷம் முன் போயிருக்கிறேன். அங்கே பேர்போனது மானதாசுந்தரி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தைத்த காந்தா. என் அப்பாவுக்காக நானே கையால் தைத்தேன் என்ற பொருள்பட, துணியிலேயே நூலால் எழுதி வைத்திருக்கிறார். பெரும்பாலான காந்தாக்களில் தைத்தவர் பெயரே கிடையாது. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் கல்கத்தாவில் இருந்தபோது சேகரித்தவை ஃபிலடெல்ஃபியா மியூசியத்துக்குப் போய்விட்டன. அக்கா வீட்டிலிருந்து காரில் போய்விடலாம், இன்னும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

20ஆம் நூற்றாண்டில் சாந்திநிகேதன் பக்கம் இந்தத் தையலுக்குப் புது உயிர் வந்தது. 1980களில் ஷம்லு துதேஜா போன்றவர்கள் கிராமத்துப் பெண்களுக்கு வருமானம் வரும்படி பெரிய அளவில் செய்தார்கள். 2008ல் மேற்கு வங்க நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் விற்பனைக்கு வந்ததும் துணி புதிது, நூல் கடையில் வாங்கியது, அடுக்கு ஒன்றே ஒன்று. தையல் பிழைத்தது, துணியைத் தயார் செய்கிற வேலை போய்விட்டது. பிறந்த குழந்தையைப் பழைய காந்தாவில் சுற்றினால் கண்ணேறு படாது என்பார் மாஷிமா. நம் வீடுகளிலும் பழைய வேட்டியில்தானே சுற்றினோம்?

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "அப்ப எனக்கு ஒண்ணும் கிடையாதா? நீ பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டே. எனக்கு அதுவும் கிடைக்கலே" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "கரை நூல் உருவுவாங்கன்னு சொன்னியே, அந்த நூலை அனுப்பு. இங்க வாங்கின துணியில அம்மா நூலால தைக்கிறேன்."

நேற்று மாஷிமாவும் நானும் இரண்டு சுங்குடியை முழுசாக விரித்தோம். உள்ளே அப்பாவின் எட்டு முழ வேட்டி. பாரத்துக்கு ரங்கமணி இட்லிக் கொப்பரையையும் மூன்று டிக்‌ஷனரிகளையும் கொண்டுவந்து வைத்தார். அரக்குக் கரையிலிருந்து நூல் உருவ ஆரம்பித்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு விரல் தடிமன்கூடத் தேறவில்லை. அக்காவுக்கு முதல் கண்டு தீபாவளிக்குள் போய்ச் சேர்ந்தால் அதிசயம்.