யார் நிலத்தில் நடக்கிறீர்கள்?

அயர்லாந்து சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பச்சை. அதற்குப் பின்னால் இன்னொரு பச்சை. நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. ரெயின்கோட் மாட்டிய வயதான தம்பதி எந்த அவசரமும் இல்லாமல் அதில் நடந்துகொண்டிருப்பார்கள்.

மலையேற்றம் அது இதென்று பயமுறுத்தமாட்டார்கள். மூட்டுவலிக்காரர்களும் போகலாம். காட்டுக்குள் ஒரு மணி நேரம், ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம், ஆப்பிள் தோட்டத்தில் ஒரு மணி நேரம். நடுவில் டீ. அவ்வளவுதான்.

இந்தச் சாதுவான நடைக்குள் எவ்வளவு அடிதடி ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்த வாரக் கதை.

காட்டிலிருந்து ஆரம்பிப்போம். பழைய ஐரிஷ்காரர்களுக்கு மரம் என்றால் மரியாதை. எட்டாம் நூற்றாண்டு வாக்கிலேயே மரங்களுக்குச் சட்டம் எழுதி வைத்துவிட்டார்கள். மொத்தம் 28 வகை. நாலு பிரிவு, பிரிவுக்கு ஏழு. நம்ம ஊர் நாலு வருணம் ஞாபகம் வருகிறதா? கிட்டத்தட்ட அதே கதைதான். முதல் பிரிவுக்குப் பெயரே 'காட்டின் பிரபுக்கள்'. ஓக், ஹேசல், ஹாலி, யூ, ஆஷ், பைன், அப்புறம் காட்டு ஆப்பிள். பிரபு மரத்தை வெட்டினால் அபராதம் பசுமாடாகக் கட்டவேண்டும்.

இப்படிச் சட்டம் போட்ட நாட்டில் 1900 வாக்கில் எவ்வளவு காடு மிச்சம் இருந்தது தெரியுமா? நூற்றுக்கு ஒரு பங்கு. ஐரோப்பாவிலேயே மொட்டையான தேசங்களில் ஒன்று. எங்கே போயின மரங்கள்? பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிடி இறுகியதும் ஓக் மரங்கள் கப்பலாயின. பீப்பாய்ப் பலகையாயின. இரும்பு உருக்கும் உலைகளில் கரியாயின. விவசாயத்துக்காக அழிந்ததும் நிறைய.

டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மாவட்டம். அதன் தென்கோடியில் ஷிலேலா என்று ஒரு குட்டி ஊர். ஐரிஷ்காரர்கள் சண்டைக்கு எடுத்துப்போகும் தடிக்கு இந்த ஊர் பேர்தான் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் இங்கே ஓக் காடு கடல் மாதிரி பரவிக் கிடந்தது. அதில் மிச்சம் இருக்கும் ஒரு துண்டுக்குப் பெயர் டாம்னஃபினோக். டெர்ரி என்கிற சின்ன ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. வசந்தத்தில் தரை முழுக்க நீலநிறப் பூ. நடப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

இந்தத் துண்டு மட்டும் எப்படித் தப்பித்தது? ஜமீன்தார் காவல் காத்ததால்.

1630களில் அயர்லாந்தை ஆள வந்த தாமஸ் வென்ட்வொர்த் என்கிற துரை இங்கே நிலம் வளைத்தார். 1641இல் லண்டனில் அவருடைய தலையை வெட்டிவிட்டார்கள். ஆனால் நிலம் வெட்டுப்படவில்லை. கை மாறி கை மாறி, 1782இல் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுக்களிடம் வந்து சேர்ந்தது. கூலாட்டின் எஸ்டேட். 80,000 ஏக்கருக்கு மேல். பிரபு பெரும்பாலும் இருந்ததோ இங்கிலாந்தில், யார்க்‌ஷையர் மாளிகையில். இங்கே ஏஜென்ட் குத்தகை வசூலித்தார். மரம் எஜமானர் சொத்து. குத்தகைக்காரன் கை வைக்க முடியாது.

1845இல் உருளைக்கிழங்குச் செடிகளில் ஒரு நோய் விழுந்தது. கிழங்கு தோண்டினால் கையில் கறுப்புக் கூழ். ஏழை ஐரிஷ்காரனுக்குக் காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான் சாப்பாடு. அடுத்த சில வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். 1841இல் 82 லட்சத்தை நெருங்கியிருந்த ஜனத்தொகை 1851இல் சுமார் 65 லட்சம்.

இங்கே கொஞ்சம் கணக்கு பார்க்கவேண்டியிருக்கிறது. நாலு பவுண்டோ அதற்குக் குறைவாகவோ மதிப்புள்ள குத்தகை நிலத்துக்கு, ஏழை நிவாரண வரியை ஜமீன்தாரே கட்டவேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆக, எஸ்டேட்டில் ஏழைகள் எத்தனை பேரோ அத்தனை செலவு. வருஷா வருஷம் வரி கட்டுவதா, ஒரே தடவை கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவதா? பேரேட்டைப் புரட்டிய எந்தக் கணக்குப்பிள்ளையும் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார்.

கூலாட்டின் எஸ்டேட் அதைத்தான் செய்தது. 1847 முதல் 1856 வரை கிட்டத்தட்ட 6,000 பேரைக் கனடாவுக்கு அனுப்பியது. டிக்கெட் இலவசம். ஒரு நிபந்தனை: குடிசையை இடித்துவிட்டுப் போகவேண்டும். திரும்பி வந்தாலும் வீடு இருக்காது.

ஃபிட்ஸ்வில்லியம் கொடுமைக்காரர் என்று சொல்லிவிடவும் முடியாது. அடியாள் வைத்துத் துரத்திய ஜமீன்தார்கள் அக்கம்பக்கத்தில் நிறைய. இவர் காசு கொடுத்து அனுப்பினார். அதனால்தான் எனக்கு இந்தக் கணக்கு அதிகம் உறுத்துகிறது. ஓக் மரம் சொத்துப் பக்கத்தில் எழுதப்பட்டது. மனுஷன் செலவுப் பக்கத்தில்.

'அரசாங்கம் என்ன பண்ணிக்கொண்டிருந்தது?' என்று கேட்பீர்கள். லண்டன் கஜானாவில் நிவாரணக் கணக்கின் சாவியை வைத்திருந்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெலியன். நம் பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலீஷைக் கொண்டுவந்த மெக்காலேயின் தங்கை புருஷர். இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. பஞ்சத்துக்குப் பின்னால் கடவுளின் ஏதோ ஒரு நல்ல திட்டம் இருக்கிறது என்று 1848இல் ஒரு புத்தகமே எழுதினார். 1847 கோடையில் அரசாங்கக் கஞ்சித் தொட்டிகளில் ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். அந்தச் செப்டம்பர் முடிவதற்குள் தொட்டிகளை மூடிவிட்டார்கள். பஞ்சம் மூடவில்லை. இன்றைக்கும் ரக்பி மைதானத்தில் ஐரிஷ் ரசிகர்கள் உரக்கப் பாடும் ஒரு பாட்டில் ட்ரெவெலியன் பெயர் வரும். வாழ்த்துப் பாட்டு இல்லை.

அந்த ட்ரெவெலியன் அப்புறம் எங்கே வந்தார் என்கிறீர்கள்? சாட்சாத் மதராஸுக்கு. 1859இல் கவர்னராக! வந்த கையோடு, ஜனங்கள் காலாற நடக்க இடமில்லையே என்று கவலைப்பட்டு 116 ஏக்கரில் ஒரு பூங்கா போட ஏற்பாடு செய்தார். பீப்பிள்ஸ் பார்க். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் ரிப்பன் கட்டடம், விக்டோரியா ஹால், 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் எல்லாம் அந்தப் பூங்கா நிலத்தில் எழும்பியவைதான். வண்டலூருக்குப் போவதற்கு முன்னால் மிருகக்காட்சிசாலை இருந்ததும் அங்கேதான்.

கவர்னர் உத்தியோகம் அவருக்கு ஒரு வருஷம்தான் நிலைத்தது. 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு முதல் வருமான வரியைக் கொண்டுவந்தபோது, ட்ரெவெலியன் பகிரங்கமாக எதிர்த்துப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். உடனே சீட்டுக் கிழிந்தது. இந்த ஜனங்களுக்கு இவ்வளவு வரி தாங்காது என்று மதராஸுக்காகச் சண்டை போட்டவரும், கஞ்சித் தொட்டி மூடப்பட்டபோது கஜானாவில் உட்கார்ந்திருந்தவரும் ஒரே ஆள். என்னத்தைச் சொல்ல!

அயர்லாந்துக்குத் திரும்புவோம். கூலாட்டின் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு போய்ச் சேர்ந்தது நியூ ராஸ் துறைமுகத்துக்கு. பாரோ ஆற்றங்கரை ஊர். இதே துறைமுகத்திலிருந்துதான் 1848இல் பேட்ரிக் கென்னடி என்பவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1963இல் அவருடைய கொள்ளுப்பேரன் அமெரிக்க ஜனாதிபதியாக இங்கே வந்து இறங்கினார். ஜான் எஃப். கென்னடி.

இந்த பாரோவின் கரையில்தான் இன்று உலகத்திலிருந்து நடைக்காரர்கள் வருகிறார்கள். நியூ ராஸுக்கு மேலே செயின்ட் மல்லின்ஸ் என்கிற ஊரிலிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் பாதை. தரை மட்டம். பெரும்பகுதி புல். ஷூ போட்டால் போதும், பூட்ஸ் வேண்டியதில்லை.

இந்தப் பாதையைப் போட்டது யாருக்காக? குதிரைகளுக்காக! பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்றை ஒட்டி அங்கங்கே கால்வாய் வெட்டி, மதகு கட்டி, சரக்குப் படகு விட்டார்கள். படகில் கயிறு கட்டி, கரையில் குதிரை இழுத்துக்கொண்டு நடக்கும். 1791இல் டப்ளின் போகும் கால்வாயோடு இணைப்பும் கிடைத்தது. கின்னஸ் பீருக்கு மால்ட் போனது, பிற்பாடு கார்லோ சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு போனது. குதிரைக்குப் பதில் இன்ஜின் வந்தது. லாரி வந்ததும் படகும் போச்சு. 1960 வாக்கில் சரக்குப் போக்குவரத்து நின்றே போனது. குதிரை நடந்த புல்தரை மட்டும் அப்படியே கிடந்தது. இந்தப் புல்லின் மேல் சரளை போட்டு சைக்கிள் பாதையாக்கலாம் என்று 2010களில் ஒரு திட்டம் வந்தபோது கரையோர ஊர்களில் பெரிய ரகளையாகிவிட்டது. புல்லுக்காகச் சண்டை!

மிச்சம் ஆப்பிள் தோட்டம். அதற்கு நாம் தீவின் வடக்குப் பகுதிக்குப் போகவேண்டும். ஆர்மா மாவட்டம், இன்றைக்கும் பிரிட்டனின் பகுதி. 'தோட்ட மாவட்டம்' என்றே செல்லப்பெயர். மே மாதம் லாக்கால் கிராமத்துப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ. பிரிட்டிஷ் வீடுகளில் பை செய்யும் பிராம்லி ஆப்பிள் இது. கடித்துத் தின்ன முடியாது, புளிப்பு அப்படி. 1809இல் இங்கிலாந்தில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்கிற சிறுமி விதை போட்டு வளர்த்த மரம்தான் இதற்கு மூதாதை. பெயர் யாருக்குப் போனது? பின்னால் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்காரர் பிராம்லிக்கு! நட்டவளுக்கு ஒன்றுமில்லை. 1884இல் அந்த ரகத்தின் கன்றுகள் ஆர்மாவுக்கு வந்தன. 2012இல் ஐரோப்பிய யூனியன் 'ஆர்மா பிராம்லி'க்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. நம்ம டார்ஜிலிங் டீ மாதிரி.

அழகான ஊர்தான். ஆனால் 1795இல் இந்த லாக்கால் பக்கத்து முச்சந்தி ஒன்றில் கத்தோலிக்க கோஷ்டிக்கும் புராட்டஸ்டன்ட் கோஷ்டிக்கும் பெரிய மோதல். தோற்ற கத்தோலிக்கர்களை ஆயிரக்கணக்கில் வீடு வாசலைவிட்டு விரட்டினார்கள். ஜெயித்தவர்கள் ஆரம்பித்த சங்கம்தான் இன்றுவரை மேளம் தட்டி ஊர்வலம் போகும் ஆரஞ்ச் ஆர்டர். ஆப்பிள் ஊரில் ஆரஞ்ச் என்று சிரிக்காதீர்கள். அது மூன்றாம் வில்லியம் ராஜாவின் வம்சப் பெயர். 1987 மே 8ஆம் தேதி, தோட்டங்கள் பூக்கிற அதே மே மாதத்தில், லாக்கால் போலீஸ் ஸ்டேஷனைத் தகர்க்க ஒரு ஜேசிபி வண்டியின் முன்பக்கத்தில் வெடிகுண்டை வைத்துக்கொண்டு ஐ.ஆர்.ஏ. ஆட்கள் வந்தார்கள். பிரிட்டிஷ் அதிரடிப்படை முன்கூட்டியே தெரிந்து பதுங்கியிருந்தது. எட்டுப் பேரும் காலி. அந்த வழியாக காரில் வந்த ஒரு அப்பாவியும் செத்தார். அதே கிராமத்தில் இப்போது பொதுப் பூங்கா இருக்கிறது. பழைய ஜமீன் எஸ்டேட். ஆப்பிள் மரங்களுக்கு நடுவே நடைபாதை.

சரி, இங்கெல்லாம் யார் வேண்டுமானாலும் நடக்கலாமா? ஆற்றங்கரைப் பாதை அரசாங்கத்துடையது. டாம்னஃபினோக் எஸ்டேட்டிலிருந்து கைமாறி, ஓக் மரங்களுக்குக் கோடரி வரப்போகிற சமயத்தில் ஊர் ஜனங்கள் கூச்சல் போட்டு, கடைசியில் அரசாங்கமே வாங்கியது. அங்கெல்லாம் தாராளமாக நடக்கலாம். மற்ற இடங்களில்தான் வில்லங்கம்.

ஸ்காட்லாந்தில் 2003இல் சட்டமே போட்டார்கள், யார் நிலமானாலும் தொந்தரவு பண்ணாமல் நடக்கலாம் என்று. அயர்லாந்தில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. விவசாயி பொங்கி எழுவார். அவர் பக்கத்திலும் காரணம் இருக்கிறது.

1879இல் குத்தகை விவசாயிகள் ஜமீன்தார்களுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அடுத்த வருஷம் பாய்காட் என்ற எஸ்டேட் ஏஜென்டுக்கு வேலைக்கு ஆள் கிடையாது, கடையில் சாமான் கிடையாது என்று ஊரே ஒதுக்கி வைத்தது. நாம் சட்டசபை வெளிநடப்பிலிருந்து கல்யாணப் புறக்கணிப்பு வரை பயன்படுத்தும் 'பாய்காட்' அந்த மனுஷனின் பெயர்தான். கடைசியில் 1903இல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கம் கடன் தரும், ஜமீன்தாரிடமிருந்து நிலத்தை வாங்கிக்கொள்ளலாம், 68½ வருஷத் தவணையில் திருப்பிக் கட்டலாம். தாத்தா கையெழுத்துப் போட்டு, பேரன் கட்டி முடிக்கிற தவணை! போகிற போக்கில் ஜமீன்தார்கள் பலர் நின்ற மரங்களையும் வெட்டி விற்றுக் காசாக்கிக்கொண்டு போனார்கள். காடு ஒரு சதவிகிதம் ஆனதில் அதற்கும் பங்கு உண்டு. பிறகு அரசாங்கம் நட்டு நட்டுத்தான் இன்று பதினொரு சதவிகிதத்துக்கு மேல் வந்திருக்கிறது.

அப்படி வாங்கிய நிலம். 'இந்தப் பக்கம் வராதே' என்று சொல்லும் அதிகாரத்தைத் தலைமுறை தலைமுறையாக இன்னொருவனிடம் பார்த்துவிட்டு, இப்போதுதான் தன் கைக்கு வந்திருக்கிறது. டப்ளின்காரன் வாரக்கடைசியில் கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தால் கோபம் வராதா?

ஸ்லைகோ மாவட்டத்தில் லிஸ்ஸடெல் என்று ஒரு பழைய மாளிகை. அதன் நிலத்துக்குள் போகும் பாதைகள் பொதுவழியா, சொந்த வழியா என்று 2008இல் ஆரம்பித்த தகராறு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2013இல் தீர்ப்பு. ஒரே ஒரு பாதை பொது, மற்றதெல்லாம் உரிமையாளருக்கு. தலைமுறையாக நடந்து வந்தோம் என்று சொன்னால் மட்டும் போதாது. நிலத்துக்காரர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டும்.

இதற்கு ஐரிஷ் அரசாங்கம் கண்டுபிடித்த வழியில் எனக்குப் பெரிய குறை இல்லை. 2008இலிருந்து, தன் நிலத்தின் வழியாக நடைபாதையை அனுமதிக்கிற விவசாயிக்கு, புல் வெட்டவும் வேலியேறும் படியைச் சரிசெய்யவும் சம்பளம் தருகிறது. உரிமை அவருடையதாகவே இருக்கும். நடக்க விடுவதும் அவர் தயவுதான். பதிலுக்கு நடைக்காரரிடம் அவர் எதிர்பார்ப்பது, திறந்த கதவை மூடிவிட்டுப் போ என்பது. பயிரை மிதிக்காதே என்பது. ஆட்டு மந்தை மேயும் இடங்களில் இன்னொன்றும் சேரும். ஒரு தகரப் பலகை, அதில் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட ஒரு நாய்ப் படம்.