லேசான எடிட்டர் ஒண்டு இருக்கா? லினக்ஸில் வீடியோ வெட்டிய கதை

1997இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தின் கணினிக் காட்சிகளை உருவாக்க, டிஜிட்டல் டொமைன் நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட கணினிகளில் லினக்ஸை ஓடவிட்டது. ஹொலிவுட் கப்பலுக்கு லினக்ஸ் உதவின அந்தக் காலத்தில், வீட்டுப் பிறந்தநாள் வீடியோவில் இரண்டு துண்டை வெட்டி ஒட்ட விரும்பின சாதாரண ஆளுக்கு அதில ஒரு லேசான மென்பொருள் இருக்கவில்லை.

இந்தப் பழைய கதையை நாங்கள் இப்ப எடுக்கக் காரணம் இருக்கு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டினது. மாதாமாதம் டொலரில் காசு கட்டும் எடிட்டிங் மென்பொருள் எங்கட வயதுக்காரருக்கு எட்டாத சாமானாகிப் போச்சு. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் முடிஞ்சுது. பழைய லாப்டொப் கனக்க விண்டோஸ் 11ஐ ஏற்காது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குறும்படம் எடுக்கிற ஒரு பிள்ளைக்கு மிஞ்சுவது இரண்டு வழி: கிராக் பண்ணின மென்பொருள், இல்லாட்டி லினக்ஸ். லினக்ஸ் போட்டவுடன் வரும் முதல் கேள்விதான் தலைப்பில் இருக்கு.

1999இல் அப்பிள் ஐமூவியையும் 2000இல் மைக்ரோசொப்ட் மூவி மேக்கரையும் சும்மா குடுத்தன. கணினியை விற்கிற கம்பெனிக்கு அது கட்டுபடியாகும். லினக்ஸுக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. 2000 அளவில் தொடங்கின கீனோ, டிஜிட்டல் கமரா டேப்பை வயர் வழியாக இறக்கி வெட்டுவதற்கு நல்லது. அதுக்கு மேல போகாது. பெரிய வேலைக்கு இருந்தது ‘ப்ரோட்காஸ்ட் 2000’. 2001இல் அதை எழுதினவர்களே, வழக்கு வந்தால் யார் பொறுப்பேற்பது என்ற பயத்தில் பொதுப் பதிவிறக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் அதன் வாரிசாக சினெலெரா வந்தது. பலமான மென்பொருள்தான், ஆனா திறந்து பார்த்தால் விமானியின் அறைக்குள் விட்ட மாதிரி இருக்கும்.

திருப்பம் வந்தது ஹைதராபாத்திலிருந்து. இன்றைய லினக்ஸ் எடிட்டர்கள் பலவற்றின் உள்ளே ஓடும் எஞ்சினின் பெயர் எம்எல்டி. அதன் பழைய மூலநிரல் கோப்புகளைத் திறந்தால், 2003, 2004 ஆண்டுகளோடு ‘உஷோதயா என்டர்பிரைசஸ்’ என்ற பதிப்புரிமை வரி இருக்கும். ராமோஜி ராவின் ‘ஈநாடு’ தெலுங்குப் பத்திரிகையை நடத்துகிற கம்பெனி அது. நிரலை எழுதினவர்கள் சார்ள்ஸ் யேட்ஸ், டான் டெனடி. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக எழுதப்பட்ட எஞ்சின்: ஒரு துண்டுக்குப் பின் அடுத்த துண்டு தடங்காமல் ஓடவேணும், மேல லோகோ நிக்கவேணும், சத்தம் கலக்கவேணும். யோசிச்சுப் பார்த்தால் எடிட்டரின் டைம்லைனும் இதே வேலையைத்தான் செய்யுது. அந்த நிரல் பூட்டப்படாமல் திறந்த உரிமத்தில் வெளிவந்ததால், பிறகு வந்தவர்கள் எஞ்சினை முதலிலிருந்து எழுதத் தேவையிருக்கவில்லை. பாவிக்க லேசான முகத்தைக் கட்டினால் போதும்.

அப்படித்தான் வரிசையாக வந்தன. 2002இல் ஜேசன் வூட் தொடங்கிய கேடென்லைவ் பிறகு எம்எல்டியின் மேல் திருப்பிக் கட்டப்பட்டது. 2008இல் டெக்சாஸின் ஜொனதன் தோமஸ் எங்கட அதே கேள்வியோடு தேடி, திருப்தியான ஒண்டு கிடைக்காமல், தானே ஓப்பன்ஷொட்டை எழுதத் தொடங்கினார்; தொடக்கப் பதிப்புகள் எம்எல்டியில்தான் ஓடின. 2011இல் டான் டெனடி ஷொட்கட்டைப் புதிதாக எழுதினார். இந்த வரிசையில் சேராத பிட்டிவி, உபுண்டு 10.04இல் கூடவே வந்து, 11.10இல் நீக்கப்பட்டது. எந்தப் பொத்தானும் பயமுறுத்தாத எளிமை அதில் இருந்தது, ஆனா எளிமை மட்டும் காணாது எண்டதை அந்த நீக்கம் காட்டினது.

‘லேசு’ எண்டால் என்ன? எங்களுக்கு அதில மூண்டு விசயம் இருக்கு. முதலாவது, போனில் எடுத்த வீடியோ நேரே திறக்கவேணும். ஹொலிவுட் தரமான டாவின்சி ரிசோல்வ் லினக்ஸுக்கும் இலவசமாக வந்தது, ஆனா அந்த இலவசப் பதிப்பு போன்கள் பதிவுசெய்யும் எச்.264 வீடியோவையே பல காலம் திறக்கவில்லை. உரிமக் காசுதான் பிரச்சினை. இரண்டாவது, பழைய லாப்டொப்பில் ஓடவேணும். கேடென்லைவிலும் ஷொட்கட்டிலும் ‘ப்ரொக்சி’ வசதி உண்டு: வெட்டும்போது சிறிய நகலில் வெட்டி, கடைசியில் அசலில் எடுக்கலாம். மூண்டாவது, தமிழ். யூனிகோட்டில் ‘கொ’ எண்டு அடிச்சால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து இன்னொரு பக்கம் போன மென்பொருள்கள் கனக்க இருந்தன. பாமினி எழுத்துரு இன்னும் சாகாமல் இருக்க அதுவும் ஒரு காரணம். கேடென்லைவின் தலைப்பு எழுதும் பகுதி யூனிகோட் தமிழை உடைக்காமல் காட்டும்.

கேரளம் இதை எங்களுக்கு முன்னமே விளங்கிக்கொண்டது. அங்க அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி லினக்ஸில் நடக்குது. ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர்கள் கேடென்லைவில் செய்தி வீடியோ வெட்டப் பழகுகிறார்கள். பாடசாலையிலிருந்து வீட்டுக்குப் போன பிறகும் அதே மென்பொருளை யாரிடமும் காசு கட்டாமல் பாவிக்கலாம்.

இங்க எங்கட வயதுக்காரர் பலர் தாத்தா பாட்டிமாரின் நினைவுகளைப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கினம். 83 யூலை, இடம்பெயர்வு, பழைய கொட்டாஞ்சேனை. அந்த நேர்காணல்களைப் பத்து வருடத்துக்குப் பிறகு திரும்ப வெட்டவேண்டி வரும். சந்தா முடிஞ்ச மென்பொருள் அண்டைக்குக் கோப்பைத் திறக்காது. கேடென்லைவ், ஷொட்கட் வேலைக்கோப்புகளோ எக்ஸ்எம்எல் எனும் வெறும் எழுத்துக் கோப்புகள். எந்தத் துண்டு எங்க வெட்டப்பட்டது எண்டதைச் சாதாரண நோட்பேட்டிலேயே வாசிக்கலாம்.

ஆகவே எங்கட பதில்: முதல் தடவை வெட்டுகிறவர் ஷொட்கட்டில் தொடங்கலாம். தமிழ்த் தலைப்பும் பல அடுக்கும் தேவைப்பட்டால் கேடென்லைவ். ப்ரோட்காஸ்ட் 2000ஐ எழுதினவர்கள் கைவிட்ட பிறகும் அதன் நிரல் மற்றவர்களின் கையில் இருந்தது, திறந்த உரிமம் அதுக்கு இடம் விட்டிருந்தது. பாட்டியின் குரலை ஒப்படைக்கிற மென்பொருளில் நாங்கள் முதலில் பார்க்கவேண்டியதும் இதைத்தான்.