நகச்சுற்றும் மஞ்சளும்

பெங்களூரில் விரல்நுனி வீங்கிச் சீழ் கோத்தால் வைத்தியம் வீட்டுக்கு வீடு மாறும். எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகச் சொல்வார் ஒருவர். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசச் சொல்வார் மற்றவர். பெயரில் மட்டும் பூசலில்லை: கன்னடத்தில் உகுருசுத்து, தெலுங்கில் கோருசுட்டு. தமிழில் உகிர் வழக்கொழிந்து, வடசொல்லான நகம் அவ்விடத்தில் அமர்ந்தது, சுற்று நிலைத்தது.

மஞ்சளுக்கு வாதாடுவோர் காப்புரிமை வழக்கை நினைவூட்டுவர். மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து, 1997இல் வென்றது. (நம் செய்தித்தாள்கள் அதனை மஞ்சளின் வெற்றியாகவே கொண்டாடின.) ஆனால் அங்கே ஆராயப்பட்டது அம்முறை புதியதா என்பதே, புண் ஆறுமா என்பதன்று. பழைமை நிறுவப்பட்டது, ஆற்றல் அன்று. சீழ் கட்டிய விரலுக்கு அத்தீர்ப்பு உதவாது. மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டும். நீரிழிவுள்ளவர் பூச்சை மாற்றி மாற்றி நாள் கடத்தினால் விரலுக்கே ஆபத்து.