கார் ரிமோட் சாவி தொலைந்துவிட்டதா? காஹாங்கில் இருந்தால் இதைக் கவனிங்க

கடையில் நகல் சாவி வெட்டினால் கதவு திறக்கும். ஆனால், சிப் வைத்த கார்களில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

சாவிக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. ஸ்டார்ட் செய்யும்போது காரில் உள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்சக்தி தந்து, அடையாள எண்ணைக் கேட்கும். எண் பொருந்தினால்தான் இம்மொபிலைசர் வழிவிடும். கதவு பட்டன் தனி வேலை. அது மட்டும் வேலை செய்யலைன்னா, முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்க. பல ரிமோட்டுகளில் இருப்பது 3 வோல்ட் சிஆர்2032 தான்.

புதுச் சாவியைப் பதிவு செய்பவர், ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் கருவியைப் பொருத்துவார். பல மாடல்களில் பழைய பதிவுகள் எல்லாம் அழிந்து, சாவிகள் மறுபடி பதிவாகும். அதனால், கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டு போங்க. தொலைந்த சாவியின் பதிவு நீங்கியதா என்றும் கேளுங்க. நீங்காவிட்டால், அது கிடைத்தவர் உங்கள் காரை ஓட்டிப் போகலாம்!

இன்னொரு சாவி மிச்சம் இருந்தால் கூட்டரசு சாலை 50 வழியாக குளுவாங்கிற்கு நீங்களே ஓட்டிப் போகலாம். அதுவும் இல்லையென்றால், ஒன்று அவர் உங்கள் வீட்டுக்கு வரணும், இல்லை காரை இழுத்துப் போகணும். இரண்டுக்கும் செலவு கூடும். ஒரு சாவி தொலைந்த அன்றே கிளம்புறதுதான் புத்திசாலித்தனம்.

மைகாட், வாகன உரிமைச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்குங்க. இவற்றைக் கேட்காமலே சாவி செய்து தருபவர், நாளை வேறு யாருக்கும் உங்கள் காருக்குச் சாவி செய்து தரலாம். பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு சாவியிலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பாருங்க.